குண்டின் வழியும் காற்றின் குறுக்கீடும்

வட அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, தென் டகோட்டா, வயோமிங், மான்டானா முதலிய ராஜ்யங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் மரமின்றிப் பரந்து கிடக்கும் புல்வெளிகளில், பிரெய்ரி நாய் என்று அழைக்கப்படும் ஒரு சிறு பிராணி கூட்டங்கூட்டமாக வளை தோண்டி வாழ்கிறது. பெயரில் நாயே தவிர, இனத்தில் அது அணிலைச் சேர்ந்தது. எடை ஒரு கிலோ அளவே. அபாயம் உண்டா என்று பார்ப்பதற்காகப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும்போது உயரம் ஓரடிக்குச் சற்று மேலும், அகலம் மூன்று அல்லது நான்கு அங்குலமும் இருக்கும். 1804-இல் மேற்கு நோக்கி யாத்திரை சென்ற லூயிஸ், கிளார்க் கோஷ்டியினர், வளைக்குள் ஏராளமாகத் தண்ணீரைக் கொட்டி ஒன்றை உயிரோடு பிடித்து, மறு ஆண்டில் ஜனாதிபதி ஜெஃபர்ஸனுக்குக் காணிக்கையாக அனுப்பிவைத்தார்கள். அந்த இனத்துக்கு மனிதனிடம் கிடைத்த மரியாதை ஏறக்குறைய அதோடு முடிந்தது. தங்கள் மாடுகள் மேய வேண்டிய புல்லை இது மேய்ந்துவிடுகிறதென்று கண்ட பண்ணைக்காரர்கள் விஷம் வைத்தும் சுட்டும் இதைக் குறைத்துவர, நானூறு ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் படுத்துக்கொண்டு இதைச் சுடுவதையே ஒரு வித்தையாகவும் பொழுதுபோக்காகவும் பயில்கிற ஒரு வகுப்பாரும் அங்கே தோன்றிவிட்டார்கள்.

அந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மனம் செல்வதில்லை. பிரெய்ரி நாயையே பிரதான உணவாகவும், அதன் வளையையே வீடாகவும் கொண்ட கருங்கால் ஃபெரெட் என்னும் ஊனுண்ணி, 1981-இல் வயோமிங்கில் மீட்டீட்ஸி என்ற ஊருக்கருகே ஒரு சிறு கூட்டமாக மறுபடியும் தென்படும்வரை, பூண்டற்றுப் போய்விட்டதென்றே எண்ணப்பட்டுவந்தது. புல்லை மேயும் ஒரு ஜந்துவை மட்டும் அழிக்கிறோமென்று நினைப்பவர்கள் எதையெல்லாம் சேர்த்து அழிக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதிய சாட்சி. ஆயினும், அந்த வித்தையைப் பயில்கிறவன் விசையை அழுத்துவதற்கு முன் தன் மனத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு இருக்கிறதே, அது பௌதிக சாஸ்திரத்தின் மிக ரசமான கணக்குகளில் ஒன்று. பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர்மாறான விடையைத் தருவதும் ஆகும்.

முதலில் பூமியின் ஆகர்ஷணத்தை எடுத்துக்கொள்வோம். குழலை விட்டு வெளியேறிய குண்டு சிறிது தூரம் நேர்க்கோட்டில் சென்று, களைத்த பிறகே தாழத் தொடங்குகிறது என்று சிலரும், அது முதலில் மேலெழும்பிப் பிறகு இறங்குகிறது என்று வேறு சிலரும் நம்புகிறார்கள். இரண்டும் பிசகு. குழல்வாயைக் கடந்த கணத்திலிருந்தே குண்டு குழலின் அச்சுக்கோட்டுக்குக் கீழே விழுந்துகொண்டே போகிறது. அது முன்னோக்கிப் பாய்வதற்கும் கீழ்நோக்கி விழுவதற்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தமது நூலிலேயே நிலைநாட்டிவிட்டார். மேலெழும்புவது போன்ற தோற்றத்துக்குக் காரணம் வேறு. துப்பாக்கியின்மீது பொருத்தியிருக்கும் தொலைநோக்கிக் கண்ணாடி குழலின் அச்சுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. பார்வைக்கோடும் குழலின் கோடும் மிகச் சிறிய கோணத்தில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே குண்டு பார்வைக்கோட்டை ஐம்பது கஜத்துக்குள்ளாகவே கீழிருந்து ஒருமுறை வெட்டி, அதற்கு மேலாக ஓரங்குல அளவு சென்று, குறித்துவைத்த தூரத்தில் மேலிருந்து மறுமுறை வெட்டி, அப்பால் அதைவிட்டு விரைந்து தாழ்கிறது.

உதாரணத்துக்கு, இவ்வித்தையில் பிரசித்திபெற்றதும், 1965-இல் ரெமிங்டன் கம்பெனியார் தங்கள் பெயரில் ஏற்று வெளியிட்டதுமான .22-250 என்ற தோட்டாவைப் பார்ப்போம். அதன் குண்டு 55 கிரெயின், அதாவது சுமார் மூன்றரை கிராம் எடையுள்ளது. விநாடிக்கு 3,680 அடி வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது. இருநூறு கஜத்தில் பார்வைக்கோட்டோடு சேரும்படி துப்பாக்கியை அமைத்துக்கொண்டால், முந்நூறு கஜத்தில் ஏறத்தாழ 5 அங்குலமும், நானூறில் 16 அங்குலமும், ஐந்நூறில் 34 அங்குலமும் அது கோட்டுக்குக் கீழே போய்விடும். தூரம் சமமாக ஏற, தாழ்வு சமமாக ஏறாமல் தாவித் தாவி ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதை ஈடுசெய்யும் முறை கணிதத்தில் எளியது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை என்ற கோணம், நூறு கஜத்தில் ஓரங்குலத்துக்குச் சற்று அதிகமாகவும், ஐந்நூறு கஜத்தில் ஐந்தே கால் அங்குலமாகவும் விரிகிறது; கண்ணாடியின் மேலுள்ள திருகைத் திருப்பினால் கேட்கும் ஒவ்வொரு ‘கிளிக்’கும் கால் கலை; ஆகவே 34 அங்குலத்துக்கு ஆறரைக் கலை, 26 கிளிக். தூரத்தை லேசர் கருவி ஒரு கஜம் பிசகாமல் சொல்லிவிடுகிறது. தூரம் தெரிந்தால் தாழ்வு தெரியும், தாழ்வு தெரிந்தால் திருகும் தெரியும். பூமி நேற்று இழுத்தபடியே இன்றும் இழுக்கிறது. அதனிடம் வஞ்சனை இல்லை.

வஞ்சனையெல்லாம் காற்றிடம். இதை முதன்முதலில் அளந்து காட்டிய மேதை, 1707-இல் இங்கிலாந்தில் பாத் நகரில் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ். அவர் காலத்துப் பீரங்கிச் சாஸ்திரிகள் கலிலியோவின் பரவளையத்தையே பிடித்துக்கொண்டு, இரும்பாலும் ஈயத்தாலுமான குண்டுக்கு மெல்லிய காற்று என்ன தடை செய்துவிடும் என்று அதை அற்பமாக ஒதுக்கிவந்தார்கள். ராபின்ஸோ மரப்பலகை பதித்த கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மீது குண்டைச் சுட்டு, ஊசல் பின்வாங்கிய அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்தார். அதே ஊசலை வெவ்வேறு தூரங்களில் வைத்துச் சுட்டு, வழியில் வேகம் எவ்வளவு குறைந்ததென்றும் கண்டார். விரைந்து செல்லும் ஒரு ஈயக் குண்டைக் காற்று தடுக்கும் பலம் அக்குண்டின் பளுவைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது என்ற அவருடைய முடிவு, 1742-இல் நூலாக வெளிவந்தபோது, ஐரோப்பாவைத் திடுக்கிடச் செய்தது. மூன்றாண்டுகளில் கணித மேதை ஆய்லரே அதை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிய வியாக்கியானத்தோடு பதிப்பித்தார். அந்த ராபின்ஸ் பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் தலைமை எஞ்ஜினீயராக நம் சோழமண்டலக் கரைக்கு வந்து, ஜுரங்கண்டு, 1751 ஜூலையில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் உயிர்நீத்தார் என்பதை, இன்று அந்தக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அவர் கண்ட உண்மையை மேற்சொன்ன .22-250 குண்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். புறப்படும்போது 3,680 அடியாயிருந்த வேகம், முதல் நூறு கஜத்தைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 3,260 அடியாகக் குறைந்துவிடுகிறது. இவ்வளவு விரைவாக வேகம் குறைய வேண்டுமானால், குண்டின் பளுவைப்போல் 150 மடங்கு பலம் அதைப் பின்னோக்கி இழுத்திருக்க வேண்டும்; மூன்றரை கிராம் பொருளை அரைக் கிலோ எடைக்குச் சமமான பலம் இழுக்கிறது என்று பொருள். பூமி இழுப்பது ஒரு பங்கு. காற்று இழுப்பது நூற்றைம்பது பங்கு. காற்றே இல்லாத வெளியில் ஐந்நூறு கஜத்தைக் கடக்க இந்தக் குண்டுக்கு 0.41 விநாடி போதும். அதற்குள் குழலின் கோட்டிலிருந்து 32 அங்குலமே விழுந்திருக்கும். காற்றிலே செல்வதால் 0.57 விநாடி ஆகிறது. விழுவதும் நாலடிக்கு மேல் போய்விடுகிறது. பூமியின் காரியமென்று நாம் நினைக்கிற தாழ்விலும், ஆக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றின் கைங்கரியம் இருக்கிறது.

இனி, அந்தக் காற்று சும்மா நில்லாமல் பக்கவாட்டில் வீசத் தொடங்கினால் என்ன நேரும்? காவிரியைக் குறுக்கே கடக்கும் பரிசலை நீரோட்டம் கீழ்நோக்கித் தள்ளிச் செல்வதுபோல, குறுக்கே வீசும் காற்று குண்டைத் தன்னோடு தள்ளிச் செல்கிறது என்பதே யாருக்கும் முதலில் தோன்றும் விளக்கம். அது தவறு என்பதைச் சிறிய கணக்கே காட்டிவிடும். மணிக்கு 10 மைல் வேகமுள்ள காற்று விநாடிக்குப் பதினாலேமுக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாகச் செல்கிறது, 0.57 விநாடிக்குள் அது எட்டடி நகர்ந்துவிடும். பரிசலின் நியாயப்படி குண்டும் எட்டடி விலகியிருக்க வேண்டும். அனுபவத்திலோ அது 28 அங்குலமே விலகுகிறது.

உண்மையில் நடப்பது இது. குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகளால் குண்டு தன் அச்சில் நிமிஷத்துக்கு 1,89,000 முறை சுழன்றுகொண்டு செல்கிறது. அந்தச் சுழற்சியின் பயனாக அதன் மூக்கு எப்போதும் தன்னை எதிர்த்து வரும் காற்றின் திசையை நாடியே நிற்கிறது. குண்டின் நிலையிலிருந்து பார்த்தால், காற்று எதிரிலிருந்து 3,680 அடி வேகத்திலும் பக்கத்திலிருந்து பதினாலே சொச்சம் அடி வேகத்திலும் ஒருங்கே வருகிறது. இரண்டும் கூடி, நேர் எதிர்த்திசைக்கு 250-இல் ஒரு பங்கு சாய்வாக, அதாவது கால் பாகைக்கும் குறைந்த ஒரு கோணத்தில் வருகின்றன. குண்டு அந்தச் சாய்வை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொள்ளவே, அதைப் பின்னுக்கு இழுக்கும் மகா பலமான தடையும் அதே சாய்வில் அமைந்துவிடுகிறது. சாய்வு அற்பம், ஆனால் தடை 150 மடங்கு அல்லவா? 150-ஐ 250-ஆல் வகுத்தால், குண்டின் பளுவில் ஐந்தில் மூன்று பங்கு கிடைக்கிறது. பக்கத்துக் காற்று குண்டின் விலாவில் மோதித் தள்ளுவதில்லை. எதிர்க்காற்றின் தடையே தன் திசையைச் சிறிது மாற்றிக்கொண்டு குண்டை ஓரமாக இழுக்கிறது.

இதிலிருந்து பிறக்கும் சூத்திரம் மிகவும் அழகானது. காற்றில்லா வெளியில் ஆகக்கூடிய நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு நேரம் தாமதித்ததோ, அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால், விலகிய தூரம் வந்துவிடும். நம் குண்டு தாமதித்தது 0.57-இல் 0.41 போக 0.16 விநாடி, அதற்குள் காற்று செல்லக்கூடியது இரண்டேகால் அடிக்குச் சற்று மேல், 28 அங்குலம். விலகலைத் தீர்மானிப்பது பயணத்தின் நேரம் அன்று, தாமதத்தின் நேரமே என்பதால், விபரீதமாகத் தோன்றும் சில விளைவுகளும் உண்டு. பயிற்சிக்கு வழங்கும் சாதாரண .22 லாங் ரைபிள் தோட்டாவில், விநாடிக்கு 1,250 அடி வேகமுள்ள குண்டைவிட 1,050 அடி வேகமுள்ள மந்தமான குண்டு நூறு கஜத்தில் காற்றால் குறைவாகவே விலகுகிறது! ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றின் தடை திடீரென்று பெருகுகிறது; அந்த எல்லைக்கு மேலே புறப்படும் குண்டு தன் வேகத்தை வாரி இறைத்துவிட்டு அதிகம் தாமதிக்கிறது; கீழே புறப்படுவதோ தன்னிடமுள்ள சிறிதைச் சிக்கனமாகக் காப்பாற்றிக்கொள்கிறது. தொலைவில் சுடுகிறவர்கள் சிறுத்த வேகமான குண்டை விட்டு, வேகம் சற்றுக் குறைந்தாலும் நீண்டு கனத்து மூக்குக் கூர்ந்த குண்டை நாடுவதும் இதே காரணத்தால்தான்.

குறி வைக்கப்படும் பிராணியின் வடிவத்தை இங்கே நினைத்துக்கொண்டால் சிக்கலின் மையம் விளங்கும். நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாய் உயரத்தில் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல், அகலத்தில் மூன்றரை. அதன் நடுவைக் குறிவைத்தவன் உயரத்தில் ஐந்தாறு அங்குலம் தவறலாம். ஐந்நூறு கஜத்தில் அது, தூரத்தை இருபது கஜத்துக்கு மேல் பிழையாக மதிப்பிட்டாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய சலுகை. பக்கவாட்டிலோ ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேல் இடமில்லை. காற்றின் வேகத்தை மணிக்கு ஒரு மைல் தவறாக மதித்தால் குண்டு 2.8 அங்குலம் விலகிவிடும். ஒரு மைல் வேகக் காற்று என்பது முகத்தில்கூடப் படாத காற்று! எந்தப் பிழையை லேசர் அறவே நீக்கிவிட்டதோ, அதற்குத் தாராளமான இடமும், எதை அளக்கக் கருவியே இல்லையோ, அதற்கு இடமே இல்லாமையுமாக அமைந்திருக்கிறது இந்த இலக்கு. கையில் பிடித்துப் பார்க்கும் காற்றுமானிகள் உண்டு. அவை சொல்வது சுடுகிறவன் படுத்திருக்கும் இடத்துக் காற்றை. குண்டோ ஐந்நூறு கஜ நீளமுள்ள காற்றை ஊடுருவிச் செல்ல வேண்டும். அந்த நீளத்தில் ஓர் ஓடையின் பள்ளமும் ஒரு மேட்டின் முதுகும் குறுக்கிட்டால், காற்று ஓரிடத்தில் ஓய்ந்தும் ஓரிடத்தில் விரைந்தும், சில சமயம் எதிர்த்திசையிலும்கூட வீசலாம்.

ஆகவே காற்றைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பியூஃபோர்ட் வகுத்து, பின்னர் நிலத்துக்கும் பொருத்தப்பட்ட அளவையின்படி, முகத்தில் காற்று உறைக்குமானால் மணிக்கு 4 முதல் 7 மைல்; இலைகள் ஓயாமல் அசையுமானால் 8 முதல் 12; புழுதி கிளம்புமானால் 13 முதல் 18. கப்பலோட்டிக்கு இது போதும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே பதினோரு அங்குல வித்தியாசம் காணும் இவனுக்குப் போதாது. தவிர, அந்தச் சமவெளியில் இலை பார்க்க மரமும் இல்லை. இவனுக்கு உற்ற துணை கானல். வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து எழும் அனற்காற்று ஒளியை வளைத்து நெளியச் செய்வதைத் தொலைநோக்கியில் தெளிவாகக் காணலாம். இலக்குக்குச் சற்று இப்பால் பார்வையை நிறுத்திக் குவியப்படுத்தினால், நடுவழிக் காற்றே கண்ணுக்குத் தெரிகிறது. காற்று அசைவற்றிருந்தாலும், நேர் எதிரேயோ நேர் பின்னேயோ வீசினாலும், அலைகள் செங்குத்தாக எழுந்து கொதிக்கும். குறுக்கே சிறிது வீசினால் ஒருபக்கம் சாய்ந்து ஓடும். வேகம் ஏற ஏறச் சாய்வும் ஏறி, பன்னிரண்டு மைலை நெருங்கும்போது தரையோடு தரையாகப் படிந்து, பிறகு அடையாளமே இல்லாமல் கலைந்துபோகும். கானல் பொய்த்தோற்றம் என்பது நம் தத்துவ நூல்களில் அடிபட்டுப் பழகிய திருஷ்டாந்தம். இந்த ஒரு தொழிலில் மட்டும் அதுவே பிரத்தியட்சப் பிரமாணமாகிவிடுகிறது.

வேகத்தோடு திசையும் சேர வேண்டும். முழுக் குறுக்காக வீசும் காற்றுக்கே முழு விலகல். சுடும் திசைக்கு 45 பாகை சாய்ந்து வீசினால் பத்தில் ஏழு பங்கு. 30 பாகையென்றால் பாதி. ஏறக்குறைய எதிராக வீசும் காற்றுதான் அனுபவசாலிகள் அஞ்சுவது. ஏனெனில் அது இப்படியும் அப்படியும் சிறிது திசை மாறினாலே, விலகல் இடத்திலிருந்து வலத்துக்குத் தாவிவிடும். இன்னொன்று: வழி நெடுகிலும் காற்று ஒரே வேகத்தில் வீசவில்லையானால், துப்பாக்கிக்கு அருகேயுள்ள காற்றுக்கே செல்வாக்கு அதிகம். தொடக்கத்தில் குண்டு பெறும் சிறு பக்கவாட்டு வேகம், மிச்சமிருக்கும் தூரம் முழுவதும் அதனோடு கூடவே வந்து பெருகுகிறது. இலக்கின் அருகே பெறுவதற்குப் பெருக அவகாசமில்லை.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐயாயிரம் அடி உயரமுள்ள மேட்டுநிலத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவாயிருப்பதால், குண்டு குறைவாகத் தாமதித்து, குறைவாகத் தாழ்ந்து, குறைவாக விலகுகிறது. வெப்பமான காற்றும் அப்படியே. ஈரக் காற்று கனத்தது என்பது பொதுஜன நம்பிக்கை. நீராவியின் அணுத்திரள் உலர்ந்த காற்றின் அணுத்திரளைவிட லேசானதாகையால், ஈரக் காற்றே, இம்மியளவாயினும், மெலிந்தது. பூமி சுழல்வதால் உண்டாகும் விலகல் இந்தத் தூரத்தில் அரை அங்குல அளவு. அதைப் பற்றிப் பிரமாதமாகப் பேசுகிறவர்களை நம்ப வேண்டியதில்லை. விசித்திரமானது, வலஞ்சுழியாகச் சுழலும் குண்டு வலப்புறக் காற்றை எதிர்கொண்டு மூக்கைத் திருப்பும்போது, சுழலும் பம்பரத்துக்குரிய இயல்பினால் இடப்பக்கம் விலகுவதோடு சிறிது மேலாகவும் போய்விடுவது. இடப்புறக் காற்றென்றால் வலப்பக்கமும் கீழாகவும். காற்று மாறி மாறி வீசும் நாளில் காகித இலக்கில் விழுந்த துளைகள் கடிகார முகத்தில் பத்துமணியிலிருந்து நாலுமணிக்குச் சாய்ந்த கோடாக அமைவதன் ரகசியம் இதுதான்.

இவையனைத்தையும் கூட்டிக் கணித்து அட்டவணையாக்குவது ஒரு காலத்தில் ராணுவங்களுக்கு மட்டுமே சாத்தியமான பெருமுயற்சி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஒரு நிமிஷம் பறக்கும் பீரங்கிக் குண்டின் ஒரே ஒரு பாதையைக் கைக் கணக்கு யந்திரத்தால் கணிக்க ஒருவருக்கு இருபது மணி நேரம் ஆயிற்று. அமெரிக்காவில் அபர்டீனிலிருந்த பீரங்கிச் சோதனைச்சாலைக்காக இப்பாதைகளைக் கணிப்பதற்கென்றே பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் உருவாகி, 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் மின்னணு யந்திரம், அதே வேலையை அரை நிமிஷத்தில் முடித்தது. இன்று சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அதைக் கண்ணிமைக்குமுன் செய்கிறது. கணக்கில் குறையொன்றும் இல்லை. காற்றின் வேகம் என்ற கட்டத்தில் எழுத வேண்டிய எண்ணை மட்டும் மனிதனே ஊகித்து எழுத வேண்டியிருக்கிறது.

அதனால்தான் தேர்ந்தவர்கள்கூட முதல் குண்டைவிட இரண்டாவதையே நம்புகிறார்கள். தவறிய குண்டு வறண்ட மண்ணில் கிளப்பும் புழுதி, இலக்குக்கு எத்தனை கலை விலகி எழுந்ததென்று கண்ணாடியிலுள்ள அளவுக்கோடுகளில் படித்து, திருகைத் தொடாமல் அத்தனை கலை எதிர்ப்பக்கம் பிடித்து உடனே சுடுகிறார்கள். ஐந்நூறு கஜமும் ஊடுருவிப் போன ஒரு குண்டு வழியெல்லாம் பட்ட காற்றைக் கூட்டித் தரும் மொத்தக் கணக்கு அந்தப் புழுதி. கூடவே கானலின் சாய்வையும் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். பத்து விநாடி தாமதிப்பதற்குள் சாய்வு மாறிவிட்டதானால், அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு, பழைய சாய்வு திரும்பி வரும்வரை விசையில் விரலை வையாமல் படுத்திருப்பார்கள்.